முப்பது மீட்டருக்குக் கீழே

மார்ச் 9

அண்ணனுக்கு,

ஆறு வாரம் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன். நீ மூன்று முறை போனில் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய், நான் அழுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். நம் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இந்த முறை எழுத்தில் பேசுவோம்.

நேற்று கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரருடைய வேலைப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்பேனர் செட், கிரீஸ் படிந்த கையுறை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். உள்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. உங்கள் வான்பயணப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவர் எழுதிய புகாரின் நகல். மூலையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை. முத்திரைக்குக் கீழே உன் சுருக்கொப்பம். தேதி அக்டோபர் 17. அவர் விழுந்தது ஜனவரி 23.

அந்தப் புகாரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதினார். ஒரு ஆள் உட்கார்ந்து பறக்கிற அந்த வண்டியை ஊரே 'நாற்காலி' என்று கூப்பிடுகிறது. பழுது பார்த்த ஒவ்வொரு நாற்காலியையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து அனுப்புவது அவருடைய வேலை. பேட்டரியில் பாதிச் சார்ஜ் காட்டும்போதே இரண்டு மோட்டார் நின்றுபோகிறது, இதுவரை நாலு வண்டியில் பார்த்துவிட்டேன் என்று எழுதினார். கடைசிப் பத்தி நான் சொல்லச் சொல்ல எழுதியது. நான் அந்த நாற்காலிகளுக்குப் பாராசூட் மடிப்பவள். முப்பது மீட்டருக்குக் கீழே அது விரிந்து காற்று நிரம்ப நேரம் போதாது என்று எனக்குத் தெரியும்.

உன் கையில் கொடுத்துவிட்டு வந்த அன்று அவருக்குச் சந்தேகம்தான். "உங்கண்ணன் படிக்கக்கூட இல்ல, ஓரமா வெச்சுட்டார்"ன்னார். நான்தான் அவரைத் திட்டினேன். "அண்ணன் கையில குடுத்தாச்சில்ல, சும்மா விட மாட்டார், நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க"ன்னேன். அதற்கப்புறம் மூன்று மாதம், தினமும் காலையில், அதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

அந்தக் காகிதத்தை நீ என்ன செய்தாய்? இது ஒன்றுக்குப் பதில் சொல்.

தங்கை

~

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ இருக்கும் நிலையில் யார் மேலாவது கோபப்படத் தோன்றும் என்பது எனக்குப் புரிகிறது. அதனால் உன் வார்த்தைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விபத்தைப் பற்றி நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைத்திருப்பது உனக்குத் தெரியும். அது முடியும்வரை அலுவலக விஷயம் எதையும் வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பொதுவாக ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு மாதம் முந்நூறு காகிதம் வருகிறது. வந்தது என்பதற்குத்தான் சுருக்கொப்பம். படித்தேன், ஏற்றேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதுவும் மாப்பிள்ளை கொடுத்த மனுவை நான் தூக்கிப் பிடித்திருந்தால் நாலு பேர் என்ன சொல்லியிருப்பார்கள்? வீட்டு ஆள் எழுதினதுக்காகக் கம்பெனியை நிறுத்துகிறான் என்று சொல்லியிருப்பார்கள். நேர்மையாக இருப்பதிலும் சங்கடம் இருக்கிறது, அம்மா.

இன்னொன்று. சொல்ல மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். அன்று காற்று அதிகம். அனுபவம் உள்ளவர் என்றால் இறங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம் உண்டு என்பது உனக்கே தெரியும்.

பாப்பாவை ஒரு வாரம் இங்கே கொண்டுவந்து விடு. உன் அண்ணியும் கேட்கிறாள். உனக்கும் ஓய்வாக இருக்கும்.

உன் அண்ணன்

~

மார்ச் 22

அண்ணனுக்கு,

அவருக்கு அவசரம் என்று வாய் கூசாமல் எழுதியிருக்கிறாய். காற்று அதிகம் என்று யார் சொன்னது? அன்று அங்கே நின்ற பெயின்டர் என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். "இலைகூட அசையலம்மா. சர்ருன்னு ஒரு பக்கமா சாஞ்சுது. உங்க வீட்டுக்காரர் உடனே லிவர இழுத்தார். பாராசூட் வெளிய வந்துது. வந்துது, ஆனா விரியறதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். இருபத்தேழு மீட்டர் உயரம். கீழே வண்டிகள் நிறுத்துகிற சிமென்டுத் தரை.

நீ என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குள் இங்கே நடந்ததைக் கேள். திங்கட்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். 'பாராசூட் சரியாக மடிக்கப்படவில்லை, அதுவே மரணத்துக்குக் காரணம்' என்று நாற்காலிக் கம்பெனி விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. பையில் தைத்த சீட்டில் பதினாலாம் நம்பர் இருக்கிறதாம். பதினாலு நான்தான். என் புருஷனை நானே கொன்றேன் என்று டைப் அடித்துச் சீல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மடிப்பு அறையில் கூட வேலை செய்தவள் ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

முப்பது மீட்டருக்குக் கீழே பறந்தால் ஓட்டுகிறவனுக்கு உரிமம் வேண்டாம், வண்டிக்கு ஆண்டுச் சோதனை வேண்டாம், பாராசூட் ஒன்று இருந்தால் போதும் என்று விலக்கு கொடுத்தது உங்கள் அலுவலகம். அடியில் உன் கையெழுத்து. எந்த உயரத்தில் பாராசூட் உதவாதோ அந்த உயரத்துக்கு மட்டும் பாராசூட்டை நம்பச் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கு வாதாடுகிற வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கண்ணனுக்கு இதெல்லாம் புரிஞ்சிருக்காதும்மா. மேலேர்ந்து நீட்டின எடத்துல கையெழுத்துப் போடற ஆளு போல"ன்னார். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. தெரியாமல் செய்தவனிடம் போய் என்ன கேட்பது?

தெரிந்துதான் போட்டேன், சரியாகத்தான் போட்டேன் என்றால் ஒன்று செய். வா. கம்பெனி மைதானத்தில் முந்நூறு நாற்காலி நிற்கிறது. ஒன்றில் ஏறி உட்கார். பெல்ட்டைப் போடு. பாதிச் சார்ஜில், இருபத்தேழு மீட்டரில், மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கு. நான் அங்கேயே உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறேன். அண்ணியையும் கூட்டி வா, பார்க்கட்டும்.

ஏறுவாயா?

தங்கை

~

ஏப்ரல் 2

தங்கைக்கு,

மாட்டேன். ஏற மாட்டேன்.

இதை எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் 'தெரியாமல் கையெழுத்துப் போட்டவன்' என்று எவளோ ஒரு வக்கீல் சொன்னாளாம், நீயும் அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து எனக்கே எழுதுகிறாய். இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதைச் செய்தவனுக்குக்கூடத் தெரியாது.

உன் பத்திக்கும் முன்னாலேயே எனக்குத் தெரியும். போன வருடம் ஜூனில் எங்கள் சோதனை மைதானத்தில் மணல்மூட்டை கட்டி, முப்பது மீட்டரிலிருந்து ஆறு முறை போட்டுப் பார்த்தோம். ஐந்து முறை பாராசூட் வெளியே வந்தது, நிறையவில்லை. ஆறாவது முறை பாதி நிறைந்தது. அறிக்கையில் பதினோராம் பக்கம் அது. நான்தான் எழுதினேன். இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் இருந்தா விலக்கு ரெண்டு வருஷம் தள்ளிப்போகும். மத்தவன் எல்லாம் பறக்க ஆரம்பிச்சுட்டான். நீங்க துணை இயக்குநரா வரப்போற ஆளு, கொஞ்சம் பெருசா யோசிங்க"ன்னார். பத்துக்கு அடுத்து பன்னிரண்டு என்று எண் போட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். போதுமா?

அக்டோபரில் மாப்பிள்ளை வந்து காகிதத்தை நீட்டியபோது எனக்கு முதலில் வந்தது கோபம். பதினோராம் பக்கத்தை மறந்து நான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்திருந்தேன். ஒரு மெக்கானிக் வந்து அதையே ஒரு பக்கத்தில் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். படித்தேன். ஓரமாக வைத்ததாக அவர் சொன்னது, அவர் போன பிறகு நான் செய்ததைப் பார்க்காமல் சொன்னது. இரண்டு முறை படித்தேன். அப்புறம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

உன் மேல் பழி போடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். கொஞ்சம் நாள் கொடு.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணன்

~

ஏப்ரல் 10

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை.

கடிதம் வந்த மறுநாளே பஸ் பிடித்து விசாரணைக் குழு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாவது மாடி, மின்விசிறிக்குக் கீழே ஒரு குமாஸ்தா. நாலு பக்கத்தையும் அவர் முன்னால் பரப்பினேன். முதல் வரியைப் படித்துவிட்டு, "யாரும்மா இது, ஏற மாட்டேன்னு எழுதியிருக்கறது?"ன்னு கேட்டார். "ஏறலாம்னு கையெழுத்துப் போட்டவர்"ன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். உறையோடு வாங்கிக்கொண்டு எனக்கு ரசீது கொடுத்தார். அந்த ரசீதை வீட்டில் மாலை போட்ட அவர் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

வக்கீலம்மா உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அண்ணா. அது நான் எழுதியது. உன்னை அயோக்கியன் என்று சொன்னால் நீ பூசி மெழுகிப் பதில் எழுதுவாய். 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொன்னால் தாங்க மாட்டாய். பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அப்படிச் சொன்னதற்காக நீ ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கூடப்பிறந்தவளுக்குத்தானே இதெல்லாம் தெரியும்.

அவர் விழுந்ததும் நாற்காலியிலிருந்துதான், உனக்குக் கிடைத்ததும் துணை இயக்குநர் நாற்காலிதான். உன்னுடையது இனி எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்கிறேன்.

தங்கை

~

ஏப்ரல் 19

நீ என்ன செய்துவிட்டாய் என்று உனக்குத் தெரிகிறதா?

நேற்று என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். காவலாளி என் பின்னாலேயே கார் வரைக்கும் நடந்து வந்தான், நான் ஏதோ திருடிக்கொண்டு போகிறவன் மாதிரி. இழுப்பறையை உடைத்துத் திறந்தார்கள். இயக்குநர் என் போனை எடுப்பதில்லை. பதினோராம் பக்கத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முழுதும் என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "கூடப்பிறந்தவகிட்ட ஒளிச்சத எங்கிட்டயும்தானே ஒளிச்சிருக்கீங்க"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாள்.

அப்பா போனபின் உன்னைப் படிக்க வைத்தவன் நான். மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவன் நான். உன் மேல் இரக்கப்பட்டு நான் எழுதியதை நீ தூண்டிலில் மாட்டி இழுத்திருக்கிறாய். சரி. நீ எடுத்த வழியையே நானும் எடுக்கிறேன்.

டிசம்பரில் போனில் நீ என்னிடம் என்ன சொன்னாய்? மடிப்பைச் சரிபார்க்கிற இரண்டாவது ஆளை எடுத்துவிட்டார்கள், மடித்தவர், சரிபார்த்தவர் என்ற இரண்டு கட்டத்திலும் நானே கையெழுத்துப் போடுகிறேன், காய்ச்சலோடு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாயா இல்லையா? மே பதினாலாம் தேதி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதை அங்கே சொல்வேன். வார்த்தை மாறாமல் சொல்வேன். பதினாலாம் நம்பர் காய்ச்சலோடு மடித்த பாராசூட் எப்படி விரியும் என்று கம்பெனி வக்கீல் மீதியைப் பார்த்துக்கொள்வார். நான் தெருவுக்கு வந்தால் நீயும் வா.

~

ஏப்ரல் 23

அண்ணனுக்கு,

தாராளமாகச் சொல்.

இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று விசாரணையின் முதல் நாளே சொல்லிவிட்டேன். காய்ச்சலையும் சொன்னேன். என் கையெழுத்தை என்னுடையது என்று சொல்ல எனக்கு இழுப்பறை தேவைப்படவில்லை.

படிக்க வைத்தாய், உண்மை. கல்யாணம் செய்து வைத்தாய், உண்மை. செய்து வைத்தவனே முடித்தும் வைத்தாய்.

பதினாலாம் தேதி நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்துச் சொல்.

தங்கை

~

மே 16

தங்கைக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை நீ நேரில் பார்த்தாய். இருந்தாலும் என் பக்கத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்தேன். சட்டைப் பையில் எழுதியே வைத்திருந்தேன், தேதி, நேரம், நீ சொன்ன வார்த்தைகள். ஹாலுக்குள் நுழைந்தபோது நீ என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவளை இன்றைக்கு எழுந்திருக்க முடியாமல் செய்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அந்த வீடியோவைப் போட்டார்கள். மைதானத்துக் கேமரா எடுத்தது. ஜனவரியிலிருந்து அது என் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது. நான் திறந்ததே இல்லை. விபத்து அறிக்கையைப் படித்தாகிவிட்டதே, படம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாற்காலி சாய்கிறது. சாய்ந்த அதே நொடியில் மாப்பிள்ளையின் கை லிவருக்குப் போகிறது. அவசரமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. என் சோதனை மைதானத்து ஆட்களில் ஒருவனும் அவ்வளவு சீக்கிரம் இழுத்ததில்லை. பாராசூட் சுத்தமாக வெளியே வருகிறது, ஒரு கயிறு சிக்கவில்லை. நீ மடித்தது அது. நேராக நீண்டு நிற்கிறது, துவைத்துக் காயப்போட்ட புடவை மாதிரி. நிறைவதற்கு நேரம் இல்லை. அவர் தலையைத் தூக்கி அதைப் பார்க்கிறார். நீதிபதி "நேரம் எவ்வளவு?" என்று கேட்டார். இரண்டரை வினாடி என்றார்கள்.

காற்று அதிகம் என்று உனக்கு எழுதியவன் நான். படத்தில் ஓரத்தில் ஒரு கொடி தெரிந்தது. அசையவே இல்லை.

"இந்த வாகனத்தில் நீங்கள் ஏறுவீர்களா?" என்று நீதிபதி கேட்டபோது "மாட்டேன்" என்றேன். "மடிப்பில் தவறு உண்டா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். சட்டைப் பையில் கை வைத்தேன். "இல்லை. அதைவிட நன்றாக மடிக்க முடியாது" என்றேன். பிறகு இயக்குநர் அறையில் நடந்ததைச் சொன்னேன். பதினோராம் பக்கத்தின் கைப்பிரதி என் வீட்டில் இருந்தது, அதையும் கொடுத்தேன். அந்த ஆளை விட்டுவிட்டு நான் மட்டும் விழ முடியாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. உன்னிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை.

என் மேல் வழக்கு வரும் என்கிறார்கள். வரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாப்பாவை ஒரு முறை பார்க்க வேண்டும். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

அண்ணன்

~

ஜூன் 30

அண்ணனுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். வேலை இருந்தது.

விலக்கை ரத்து செய்துவிட்டார்கள். நாற்காலிகள் எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சீட்டு. இயக்குநர் ராஜினாமா கொடுத்தார், அதை ஏற்காமல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கெல்லாம் முன், அறிக்கை எழுதுவதற்காக, சோதனையைத் தன் கண் முன்னால் மறுபடி செய்து காட்டச் சொன்னார் நீதிபதி. பாராசூட்டுகளைப் பதினாலாம் நம்பரே மடிக்க வேண்டும் என்று கம்பெனி வக்கீல் கேட்டார். நான் சரி என்றேன். நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். கம்பெனி முதலாளி, இயக்குநர், விலக்குக் கோப்பில் கை வைத்த ஒவ்வொருவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், நாற்காலி போடக் கூடாது. உனக்கும் ஓலை வந்திருக்கும். உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாயாம்.

அதனால் நான் சொல்கிறேன், கேள்.

மணல்மூட்டை எழுபத்தொரு கிலோ. அவர் எடை. எத்தனை கிலோ கட்டலாம் என்று கேட்டார்கள், நான்தான் சொன்னேன். முதல் மூட்டை இருபத்தேழு மீட்டரிலிருந்து. பாராசூட் அழகாக வெளியே வந்தது. மூட்டை சிமென்டில் விழுந்து வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரி, "மடிப்பில் குறையில்லை" என்று உரக்கப் படித்து எழுதிக்கொண்டார். நான் குற்றமற்றவள் என்பது அப்படித்தான் ருசுவாயிற்று, அண்ணா. அவரை மூன்று முறை போட்டுக் காட்டி.

முதலாளி இரண்டாவது மூட்டைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாருங்க சார், உங்க வண்டிதானே"ன்னேன். திரும்பினார். இயக்குநர் மூன்றாவதற்கு அப்புறம் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் காட்சிக்காக நாலு மாதம் காத்திருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நாலாவது மூட்டையை அறுபது மீட்டரிலிருந்து விட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. பாராசூட் வந்தது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நிறைந்தது. மூட்டை ஆடி ஆடி இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அவராக இருந்தால் பெல்ட்டைக் கழற்றி, பேட்டரியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே நடந்து வந்திருப்பார். அங்கேதான் நான் அழுதேன், அத்தனை பேர் முன்னாலும்.

நீ ஹாலில் சொன்ன உண்மைக்கு நன்றி எதிர்பார்க்கிறாயா என்று தெரியவில்லை. நன்றி இல்லை. அது அக்டோபர் பதினேழாம் தேதி வர வேண்டிய வார்த்தை. உன் வழக்கில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருவேன், இருக்கிறதை இருக்கிறபடி சொல்வேன். குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், அதுதான் நான் உனக்குச் செய்யக்கூடியது.

பாப்பா போன வாரம், "மாமா ஏன் வர்றதில்ல?"ன்னு கேட்டாள். ஆறு வயசுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வதோ அப்படிச் சொன்னேன். அப்பா மாமாகிட்ட ஒரு லெட்டர் குடுத்தார், மாமா அதை யாருக்கும் காட்டல, அதனால அப்பா விழுந்துட்டார். உடனே அவள், "மாமாவுக்குப் படிக்கத் தெரியாதா?"ன்னு கேட்டாள்.

"தெரியும்"ன்னேன்.

வாசலுக்கு வராதே.

தங்கை